க்ரானிக்கலி காதுகுத்து

“உங்க பெரியப்பா மொத்தம் எத்தனை தடவை இறந்தார்?”

டாக்டரம்மா இதைக் கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கையில் ஒரு ஃபைல், மூக்கு நுனியில் கண்ணாடி. எதிரே நாற்காலியின் விளிம்பில் என் வீட்டுக்காரர் ஏழுமலை, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒரே தடவதான் மேடம். நான் பக்கத்துலயே இருந்தேன்.”

“லெட்டர்ல அப்படி இல்லையே. க்ரானிக்கலி எக்ஸ்பயர்டுன்னு இருக்கு. இப்படி எழுதினா, மனுஷன் வருஷக்கணக்கா செத்துக்கிட்டே இருக்கார்னு ஆகும்.”

இவர் கழுத்தை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன். அந்த லெட்டரை டைப் அடித்தது நான்தான்.

போன வாரம் இந்தப் பகுதியில், ஜெராக்ஸ் மெஷினுக்குள் பல்லி போன கதையை எழுதினேன். மெஷின் என்ன ஆனது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. பல்லி என்ன ஆனது என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பல்லி நலம். மெஷின்தான் போய்ச் சேர்ந்தது, அதுவும் ஒரே தடவையில்.

பழைய ஃபைலைத் திற, பேரை மாத்து

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. செங்கல்பட்டில் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் நான் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இங்கிலீஷ் எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். விரலுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் மனுவை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பழைய ஃபைலைத் திறக்க வேண்டியது, பேரை மாற்ற வேண்டியது, தேதியை மாற்ற வேண்டியது, பிரிண்ட் கொடுக்க வேண்டியது. போர்வெல் கேட்டு எழுதிய மனு, அடுத்த வாரம் ரேஷன் கார்டு கேட்கும். அதற்கடுத்த வாரம் அதே மனு வேகத்தடை கேட்கும். நடுவில் இருக்கிற மரியாதை வார்த்தைகள் மட்டும் இடத்தை விட்டு அசையாது. இந்தத் தெருவில் இருக்கிற எல்லாக் கடையிலும் இதுதான் முறை. ஒரு தடவை ஒருவர் தன் வீட்டு வாசல் சாக்கடையைப் பற்றிக் கொடுத்த மனுவில் “அன்னாரின் ஆன்மா சாந்தியடைய” என்று வந்துவிட்டது. அது பக்கத்துக் கடை. நான் இல்லை.

இப்படி ஒரு பழைய ஃபைலுக்குள்தான் அந்த வார்த்தை வந்து குடியேறியது.

ராசியான வார்த்தை

படாளத்திலிருந்து ஆதிலட்சுமி என்றொரு அம்மா வருவார். அவர் வீட்டுக்காரருக்குக் கால் இரண்டும் வராது. மூன்று சக்கர வண்டி கேட்டு மூன்று தடவை மனு போட்டும் கிணற்றில் போட்ட கல்தான். நாலாவது தடவை ஆஸ்பத்திரியில் ஒரு சர்டிபிகேட் வாங்கி வந்தார். அதில் ஒரு டாக்டர், ‘க்ரானிக்கலி’ என்று எழுதியிருந்தார்.

நான் அதற்கு முன் அந்த வார்த்தையைப் பார்த்ததில்லை. பார்த்ததும் பிடித்துப்போனது. நல்ல நீளம். நடுவில் ஒரு மிடுக்கு. டாக்டர் எழுதியதை அப்படியே எடுத்து மனுவின் முதல் வரியில் போட்டேன். ஒரு மாசத்தில் வண்டி வந்துவிட்டது. ஆதிலட்சுமி கடைக்கு ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்து, “நீ போட்ட அந்தப் பெரிய வார்த்ததான் யக்கா, ஆபீசர ஆட்டிப்புட்ச்சி” என்றார்.

வேலை செய்தது சர்டிபிகேட். பேர் வாங்கியது வார்த்தை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது நான் வேர்க்கடலை தின்றுகொண்டு வார்த்தையை மெச்சிக்கொண்டிருந்தேன்.

அர்த்தம் தெரியாமல் போடவில்லை, அந்தப் பழி வேண்டாம். டிக்‌ஷனரியில் பார்த்தேன். ‘நாள்பட்ட வகையில்’ என்று இருந்தது. படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊர்ப் பக்கம் நாள்படாதது எது? தெருவிளக்கு எரியாமல் கிடப்பது நாள்பட்டது. குழாயில் தண்ணீர் வராதது நாள்பட்டது. ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்ட நிற்பது நாள்பட்டது. இந்த வார்த்தையை எங்களுக்காகவே செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

தெருவிளக்கு க்ரானிக்கலி எரியவில்லை. கொசு க்ரானிக்கலி கடிக்கிறது. பன்றிகள் க்ரானிக்கலி உலாவுகின்றன. இப்படி நான் அடித்து அனுப்பிய மனுக்களுக்கு நாலைந்து பதில் வேறு வந்துவிட்டது. அவ்வளவுதான், தீ பிடித்த மாதிரி பேர் பரவியது. வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே, “யக்கா, அந்த கெத்தான வார்த்தய போட்டுரு” என்று ஆரம்பித்தார்கள். காலி மனை விற்கிற புரோக்கர் ஒருவர் தன் நோட்டீசில், ‘கடற்கரைக்கு க்ரானிக்கலி அருகில்’ என்று போடச் சொன்னார். போட்டேன். அந்த மனையிலிருந்து கடல் எட்டு கிலோமீட்டர்.

பொத்தேரிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு பெண் மட்டும் மெஸ் சாப்பாட்டைப் பற்றி ஒரு புகார் அடிக்க வந்தாள். சாம்பார் க்ரானிக்கலி தண்ணியாக இருக்கிறது என்று அடித்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அக்கா, செம! கரெக்ட்டான யூசேஜ்” என்றாள். எனக்குக் கொஞ்சம் உறைத்தது. இது ஒன்றைப் பார்த்து எதற்கு இப்படி ஆச்சரியப்படுகிறாள்? மற்றதெல்லாம் என்னவாம்? கேட்டிருக்க வேண்டும். லேமினேஷன் மெஷினில் யாருடைய ஆதார் கார்டோ மாட்டிக்கொண்டதால் கேட்காமல் விட்டேன்.

வீட்டுக்காரரின் லீவு லெட்டர்

இவர் திருப்போரூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். கம்பெனி பேரை எழுதமாட்டேன், எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. மாமல்லபுரத்தில் எடுத்து, வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கம்பெனி பஸ்தான், ஆனால் டிரைவர் கான்ட்ராக்ட். பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்ட் முடியும். மறுபடி கையெழுத்து ஆகிறவரை இவர் தொண்டையில் நாஸ்தா இறங்காது, என்னோடு பேச்சும் இருக்காது. பெர்மனெண்ட் ஆகிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே பிரார்த்தனை.

இவர் லீவு போடுவது அபூர்வம். போட்டால் லெட்டர் இங்கிலீஷில் கொடுக்க வேண்டும். அதை நான் அடிப்பேன். முதல் தடவை காய்ச்சலுக்கு அடித்தேன்: ‘ஐ ஆம் க்ரானிக்கலி சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ அதற்கப்புறம் என்ன, பழைய ஃபைலைத் திற, காய்ச்சலை எடு, வேறு ஒன்றைப் போடு.

ஆறு வருஷத்தில் பதினாலு லெட்டர். ஒன்றைக்கூட இவர் படித்ததில்லை. நானும் படித்ததில்லை. லெட்டரை வாங்கி வைத்த சூப்பர்வைசரும் படித்ததில்லை. இப்படிப் பதினாலு லெட்டரும் யார் கண்ணிலும் படாமல் ஒரு ஃபைலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

போன வருஷம் நாலு டிரைவர்களைப் பெர்மனெண்ட் செய்யப்போவதாகப் பேச்சு வந்தது. இவர் பேர் முதலில் இருந்தது. புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், படிப்பதற்கென்றே பிறந்தவர் போலிருக்கிறது, அந்த ஃபைலைத் திறந்து பதினாலு லெட்டரையும் வரிசையாகப் படித்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் இவர் கடை வாசலில் வந்து நின்றதே சரியில்லை.

“இன்னா எழுதிக்கீற நீ?”

“எதுல?”

“எனக்கு இன்னாமோ தீராத வியாதி கீதாம். அம்பது பேரு குந்தினு போற பஸ்ஸ இவன் கையில எப்டி குடுக்கறதுன்னு கேக்கறாரு மேனேஜரு. கம்பெனி டாக்டரு பாத்து ஃபிட்டுன்னு எழுதணுமாம். இல்லன்னா பெர்மனெண்டும் இல்ல, இருக்கற பஸ்ஸும் இல்ல.”

“நான் நல்லாத்தானே எழுதனேன்.”

“நல்லா எழுதனே! பேஜாரு புட்ச்ச எழுத்து. லெட்டர எழுதனவங்களயும் கூட்டினு வரச் சொல்லிக்கீறாங்க. வா, வந்து நீயே சொல்லு.”

ஊர் சாக்கடைக்கெல்லாம் நல்லது செய்யப்போய், சொந்த வீட்டுக்காரரின் வேலைக்கு உலை வைத்துவிட்டேனே என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இவர் அதற்கும் சேர்த்துச் சாப்பிடவில்லை.

டாக்டரம்மாவின் பாடம்

அப்படித்தான் இருவரும் அந்த அறையில் வந்து உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரம்மா பெரியப்பாவை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த லெட்டரை எடுத்தார். “ஐ ஆம் க்ரானிக்கலி சஃபரிங் ஃப்ரம் காதுகுத்து.” நிறுத்தி இவர் காதைப் பார்த்தார். இவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கில்ல மேடம். தங்கச்சி புள்ளைக்கு.”

“ஐ ஆம் க்ரானிக்கலி சஃபரிங் ஃப்ரம் மாட்டுப் பொங்கல்.”

“அது வருஷா வருஷம் வருது மேடம்,” என்று நான் குறுக்கே விழுந்தேன். “அதனாலதான் அப்படிப் போட்டேன்.”

டாக்டரம்மா அடுத்ததைப் படிக்க வாயைத் திறந்தார், முடியவில்லை. ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அது நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டு விழா லெட்டர். அதை இங்கே எழுதமாட்டேன். இவர் தங்கை இந்தப் பத்திரிகையை வாங்குகிறாள்.

சிரித்து முடித்து, அவர் எனக்குச் சொன்ன பாடத்தை நான் மறக்கவே மாட்டேன்.

“பாருங்கம்மா. வந்துட்டுப் போறதுக்கெல்லாம் இந்த வார்த்தை கிடையாது. வந்து, தங்கி, போகவே மாட்டேன்னு உக்காந்துக்கிறதுக்குத்தான். ஒரு நாள் பஸ் லேட்டுன்னா வெறும் லேட். வருஷம் பூரா அந்த பஸ் லேட்டுன்னா க்ரானிக்கலி லேட். ஜுரம் மூணு நாள்ல போயிடும், அதுக்கு வேண்டாம். ஆஸ்துமா போகாது, அதுக்குப் போடலாம். மூட்டுவலி, சர்க்கரை, சண்டை, சோம்பேறித்தனம், எதுக்கு வேணாலும் போடுங்க, ஆனா அது நாள்பட்டு இருக்கணும். நல்ல விஷயத்துக்குப் போடாதீங்க. தொந்தரவுக்கு மட்டும்தான்.”

“வந்தா போகாத தொந்தரவு,” என்றேன்.

“அதேதான்.”

தெருவிளக்கு மனு சரிதான் என்று அந்தக் கவலையிலும் ஒரு ஓரத்தில் எனக்குத் தெம்பு வந்தது. சாம்பாரும் சரி. பன்றி ஒருமாதிரி சரி. கடற்கரை மனை தப்பு. பெரியப்பா படு தப்பு.

“இது உடம்பு சமாசாரமே இல்ல, இங்கிலீஷ் சமாசாரம்னு மேனேஜருக்கு எழுதிடறேன்,” என்றார் டாக்டரம்மா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் நாற்காலியில் இருந்து பாதி எழுந்தே விட்டார். “இருங்க. வந்ததுக்கு ஒரு தடவை பாத்துடறேன்.”

கட்டை விரல்

பிரஷர் பார்த்தார், சரி. சர்க்கரை, சரி. கண், தூரத்து எழுத்தெல்லாம் இவர் கடகடவென்று ஒப்பித்தார்.

“குனிஞ்சு கால் கட்டை விரலைத் தொடுங்க.”

இவர் குனிந்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கை நின்றுவிட்டது.

“இன்னும்.”

“பேண்ட்டு டைட்டு மேடம்.”

டாக்டரம்மா படுக்கையைக் காட்டினார். மல்லாந்து படுக்க வைத்து, வலது காலை நீட்டியபடியே மெதுவாகத் தூக்கினார். ஒரு சாண் கூடப் போயிருக்காது.

“முருகா!”

வெளியே உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“இல்ல மேடம். சாமி பேரு சொன்னேன். திருப்போரூரு கோயிலு பக்கத்துலதான கீது.”

நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளா?”

“நேத்துலேர்ந்து. தலவாணி மாறிப்போச்சு.”

டாக்டரம்மா காலை இன்னும் இரண்டு விரல்கடை தூக்கினார். “நாலு வருஷமா!” என்று இவர் கத்திவிட்டார்.

நாலு வருஷம். இவர் கட்டிலில் படுக்காமல் தரையில் பாய் போட்டுப் படுப்பார், வெக்கை என்பார். செருப்பு வாரை மாட்டக் குனியமாட்டார், காலை ஆட்டி ஆட்டி மாட்டுவார், சோம்பேறித்தனம் என்று நான் திட்டியிருக்கிறேன். டிரைவர் சீட்டில் துண்டைச் சுருட்டி முதுகுக்கு வைத்துக்கொள்வார், ஸ்டைல் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை இந்த மனுஷன்.

“இத்தனை லெட்டர்ல இடுப்பு வலிக்குன்னு ஒரு லீவு கூட இல்லையே,” என்றார் டாக்டரம்மா.

“இடுப்பு வலின்னா பெர்மனெண்டு பண்ணுவாங்களா மேடம்?” இவர் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். “அத்த மட்டும் எழுதிராதீங்க. பஸ் சீட்டு ஸ்பிரிங்கு போயிருச்சு, அவ்ளோதான். நான் ஓட்டிருவேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் கெடையாது, கேட்டுப் பாருங்க.”

டாக்டரம்மாவின் பேனா பேப்பருக்கு மேலே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். “சொல்லு மல்லி, ஒண்ணும் இல்லன்னு சொல்லு” என்று அந்தப் பார்வையிலேயே கெஞ்சினார்.

ஆறு வருஷமாக அந்த வேலைக்காக நான் வேண்டாத சாமியில்லை. திருக்கழுக்குன்றம் மலை எத்தனை தடவை ஏறியிருப்பேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததெல்லாம் முடிந்துவிடும்.

“எழுதுங்க மேடம்,” என்றேன்.

“மல்லி!”

“நீங்க சும்மா இருங்க. எழுதுங்க மேடம். நாலு வருஷம்னு எழுதுங்க. சீட்டு ஸ்பிரிங்கையும் சேத்து எழுதுங்க.”

எழுதினார். ஆறு வாரம் பஸ் ஓட்டக்கூடாது, வைத்தியம் பார்க்க வேண்டும், சீட்டை மாற்ற வேண்டும், அப்புறம் வந்து காட்ட வேண்டும். அந்த வார்த்தையையும் ஒரு இடத்தில் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். இங்கே அது பொருந்தி உட்கார்ந்திருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முடிவு தெரிந்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்தத் தடவை மற்ற மூன்று பேர் மட்டும் பெர்மனெண்ட் ஆனார்கள். இவருக்கு அடுத்த பொங்கல் கழிந்துதான் ஆர்டர் வந்தது. புது சீட்டு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

பூஞ்சேரி கூட்டு ரோடு

அன்றைக்குத் திரும்பி வரும்போது இவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூட்டர் என்னுடையது. தினமும் நான் கடைக்கு ஓட்டிப் போகிற வண்டி. ஆனால் இவர் கூட வந்தால் ஹேண்டில் இவர் கைக்குப் போய்விடும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட இவர் என் பின்னால் உட்கார்ந்ததில்லை. பஸ் டிரைவர் பொம்பளைக்குப் பின்னால் உட்கார்ந்து போனால் லைசென்ஸை வாங்கிவிடுவார்களாம்.

வேலையைக் கெடுத்தவள் என்று நினைக்கிறார், நினைக்கட்டும் என்று நானும் கம்மென்று வந்தேன். உள்ளே மட்டும் பயமாக இருந்தது. ஓஎம்ஆர் ரோடு முழுக்க, எழுதச் சொன்னது சரியா, தப்பா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் வண்டியை ஓரம் கட்டினார். டீக்குத்தான் என்று நினைத்தேன். இவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல் பட்டறையில் மெஷின் அறுத்துக்கொண்டிருந்தது. காற்றில் கல் தூளும் கடல் உப்பும் சேர்ந்து அடித்தது.

“இன்னாங்க?”

“நீ ஓட்டு.”

“நானா?”

“ஆமா. முடியல மல்லி. ரொம்ப வலிக்கிது.”

நாலு வருஷமாகச் சொல்லாததை, லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டோரத்தில் நின்று சொன்னார். அழுதுகொண்டே வண்டி ஓட்ட முடியாது என்பதால் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை முயன்று, பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி பத்தடி போகவில்லை.

“இண்டிகேட்டரு போடு.”

“போட்டாச்சு.”

“ஆரன் அடி. ஆடு வருது பாரு.”

“ஆடு நின்னுகினு கீது. பேசாம வாங்க.”

“செகண்டுல போ.”

“ஸ்கூட்டர்ல ஏதுங்க கியரு?”

முதல் வேகத்தடை வந்தது. எவ்வளவு மெதுவாக ஏற்றி இறக்கியும், “யம்மா!” என்று வாய்விட்டுக் கத்தினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்ததற்கும் கத்தினார். அதற்கடுத்ததற்கு, தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

திருக்கழுக்குன்றத்தில் வீடு போய்ச் சேருகிறவரை ஒரு வேகத்தடை பாக்கியில்லாமல் கத்திக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றுக்கும், “தோ, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.